அம்மாவின் தொடையில் தாங்க முடியாத வலி, தோலில் ஊதா வலை: கால்சிஃபிலாக்சிஸாக இருக்குமா?

வெண்பனி (திங்கள், இரவு 11.40)

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. ஆறு வருடமாக வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ். சர்க்கரை உண்டு, உடம்பும் கொஞ்சம் கனம். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதால் இரண்டு வருடமாக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்.

மூன்று வாரத்துக்கு முன் இடது தொடையின் உள்பக்கம் எரிகிறது என்றார். பார்த்தால் ஒன்றுமே இல்லை, தோல் சாதாரணமாக இருந்தது. நரம்பு வலி என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரம் தொட்டுப் பார்த்தால் உள்ளே பலகை போலக் கெட்டியாக ஓர் இடம். இப்போது அதன் மேல் ஊதா நிறத்தில் வலை விரித்த மாதிரி கோடுகள், நடுவில் நாணய அளவுக்குக் கருஞ்சிவப்புத் திட்டு. போர்வை பட்டாலே அலறுகிறார். டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக் குழாயில் (ஃபிஸ்டுலா) ஊசி குத்தும்போது முகம்கூடச் சுளிக்காதவர் அம்மா. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செல்லுலைட்டிஸ், அதாவது தோலில் கிருமித் தொற்று என்று சொல்லி ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள், பத்து நாள் முடிந்தது. காய்ச்சல் இல்லை, வலி குறையவும் இல்லை. இன்று டயாலிசிஸ் யூனிட்டில் ஒரு சிஸ்டர் காலைப் பார்த்துவிட்டு, "கால்சிஃபிலாக்சிஸா என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். தோலுக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்து தோல் செத்துப்போகும் நோயாம். ஓராண்டுக்குள் பாதிப் பேர் இறந்துவிடுவதாகப் போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

கடைசி ரிப்போர்ட்டில் கால்சியம் 9.4, பாஸ்பரஸ் 5.6, ரத்தத்துக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் 410. பெரிதாக எதுவும் ஏறவில்லை. இப்படி இருந்தும் வருமா? புதன்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். என்ன கேட்க வேண்டும்?

மூன்றாவது ஷிஃப்ட் (செவ்வாய், காலை 5.15)

பதினான்கு வருடமாக டயாலிசிஸ் நர்ஸாக இருக்கிறேன். அந்த சிஸ்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நோயை உறுதி செய்வது டாக்டரின் வேலை. ஆனால் இந்தக் கதையை நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன், நான்கு முறையும் முதலில் வந்தது வலிதான். தோலில் எதுவும் தெரியாத நாட்களிலேயே வலி ஆரம்பித்துவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாததால் நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துவிடுகிறோம். நானும் முதல் முறை அப்படி நினைத்தேன். அந்தப் பெண்மணியின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

புதன்கிழமைக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. தினமும் அதே கோணத்தில். அப்புறம், அம்மா இன்சுலின் தொடையில் போடுகிறாரா? அப்படியென்றால் அந்தத் தொடையில் இன்றோடு நிறுத்தி, கெட்டி தட்டாத வேறு இடத்தில் போடுங்கள். அந்தக் கொழுப்பில் ஒரு ஊசிக் காயம்கூடப் புண்ணாக மாறலாம்.

வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைப் பற்றிக் கேட்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், ஆனால் முடிவு டாக்டருடையது.

நெஃப்ரான்77 (செவ்வாய், இரவு 9.05)

நான் சிறுநீரக மருத்துவர். அம்மாவை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் பெண், சர்க்கரை, உடல் பருமன், வருடக்கணக்கில் டயாலிசிஸ், வார்ஃபரின், தொடைக் கொழுப்பில் கெட்டியாக வலிக்கும் இடம், மேலே ஊதா வலை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மருத்துவரும் இதைப் படித்த உடனே கால்சிஃபிலாக்சிஸைப் பட்டியலின் முதலில் வைக்க வேண்டும்.

ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். இதில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றும் வரம்புக்குள் இருக்கும்போதே இந்த நோய் வருவதுண்டு. ஹார்மோன் மிகக் குறைந்து எலும்பு உறங்கிப்போன நிலையிலும் வரும். இதை உறுதி செய்யவோ இல்லை என்று தள்ளவோ ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். தோலுக்கும் அதன் கீழுள்ள கொழுப்புக்கும் ரத்தம் கொண்டுபோகும் மிகச் சிறிய தமனிகளின் நடுச்சுவரில் கால்சியம் படிகிறது. உள்சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது. கடைசியில் ஒரு சின்ன ரத்தக் கட்டி வந்து அடைத்துவிட்டால் அந்த நாளம் ஊட்டிவந்த தோல் செத்துப்போகிறது. அம்மாவின் பாதத்தில் நாடி நன்றாகவே துடிக்கலாம், ஏனென்றால் இந்த நோய் பெரிய குழாய்களை அடைப்பதில்லை. கொழுப்பு அதிகமுள்ள தொடை, வயிறு, மார்பு, பிட்டம் ஆகிய இடங்களில் இது அதிகம். விரல், பாதம், ஆணுறுப்பு ஆகிய இடங்களிலும் வரலாம்.

வார்ஃபரின் இதில் எங்கே வருகிறது? நாளச் சுவரில் கால்சியம் படியாமல் காவல் காக்கும் ஒரு புரதம் இருக்கிறது, மேட்ரிக்ஸ் கிளா புரதம் என்று பெயர். அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் ரத்தம் உறையாமல் இருக்க எந்த வைட்டமினைத் தடுக்கிறதோ, இதுவும் அதே வைட்டமின்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கப் போய்க் காவலாளியையும் கட்டிப்போட்டுவிடுகிறது.

நாளை கேட்க வேண்டியவை: வார்ஃபரினுக்குப் பதில் அபிக்சபான் போன்ற வேறு மருந்து இதய மருத்துவரின் ஒப்புதலோடு முடியுமா? பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டியும் போய்க்கொண்டிருந்தால் நிறுத்தலாமா? தோல் மருத்துவரை இந்த வாரமே பார்க்க முடியுமா? வலிக்கு என்ன தரப்போகிறீர்கள்?

அந்தப் "பாதிப் பேர்" கணக்கு பொய்யில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் அதில் புண் வெடித்து, கிருமி ஏறி, தாமதமாக வந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலான உயிர்களை எடுத்துப் போவது புண் வழியாக ரத்தத்தில் பரவும் தொற்று. உங்கள் அம்மாவுக்குத் தோல் இன்னும் உடையவில்லை. அது பெரிய வித்தியாசம்.

ஒற்றைக்கிளை (செவ்வாய், இரவு 10.30)

என் மனைவிக்கு இதே நோய். மூன்று வருடம் ஆகிறது, அவள் இல்லை.

பயமுறுத்த எழுதவில்லை. எங்களுக்கு இரண்டு மாதம் போனது. ஒரு மருத்துவமனையில் ரத்தநாள அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கறுத்த இடத்தை ஆபரேஷன் தியேட்டரில் வைத்து ஆழமாக வெட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் விளிம்பு மறுபடி கறுத்தது. கடைசியில் இன்னொரு இடத்தில் ஒரு டாக்டர் சதைத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் பெயர் தெரிந்தது. அதற்குள் இரண்டு தொடையும் வயிறும் திறந்துவிட்டன.

பயாப்ஸி முதல் வாரமே செய்திருந்தால் என்று இன்னும் நினைக்கிறேன். உங்கள் அம்மாவுக்குக் கேட்டு வாங்குங்கள்.

நெஃப்ரான்77 (செவ்வாய், இரவு 11.10)

உங்கள் இழப்புக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, சார். இவ்வளவையும் மீண்டும் நினைத்து எழுதியதற்கு நன்றி.

ஆனால் பயாப்ஸி விஷயத்தில் என் கருத்து வேறு. உங்கள் மனைவியின் நோய்க்கு மருத்துவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள், அங்கே பயாப்ஸி அவசியம்தான். வெண்பனியின் அம்மாவுக்குப் படமே தெளிவாக இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த இடத்தில் இந்தத் தோற்றம் இருந்தால், உடையாத தோலில் நாமே ஓட்டை போடுவதை நான் தவிர்க்கப் பார்ப்பேன். ரத்தம் போகாத இடம். பயாப்ஸி போட்ட துளை ஆறாமல் பெரிய புண்ணாக விரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடித்தகடு (புதன், காலை 7.20)

நோய்க்குறியியல் துறையில் இருக்கிறேன், மைக்ரோஸ்கோப்பில் இந்தத் தகடுகளைப் பார்ப்பதுதான் தொழில். நெஃப்ரான் டாக்டர் சொல்வதோடு பாதிதான் ஒத்துப்போகிறேன்.

எனக்கு அனுப்பப்படும் சந்தேகப் புண்களில் எல்லாமே கால்சிஃபிலாக்சிஸாக இருப்பதில்லை. நோயெதிர்ப்புக் கோளாறால் தோல் புண்ணாகும் பயோடெர்மா கேங்ரினோசம் இருக்கும். அதற்கு ஸ்டீராய்டு வேண்டும், கால்சிஃபிலாக்சிஸுக்கு ஸ்டீராய்டு கெடுதல். கொலஸ்ட்ரால் துகள் அடைப்பு இருக்கும். உறைதல் கோளாறு இருக்கும். வார்ஃபரினே உண்டாக்கும் தோல் அழுகலும் இருக்கும், ஆனால் அது மருந்து ஆரம்பித்த முதல் சில நாட்களில் வருவது. இரண்டு வருடம் கழித்து என்றால் அதை ஓரமாக வைக்கலாம். பெயர் தவறினால் மருந்து தலைகீழாகப் போகும் என்பதற்கு ஒற்றைக்கிளை எழுதியதே சாட்சி.

செய்வதென்றால் சரியாகச் செய்ய வேண்டும். கறுத்த நடுப்பகுதியில் எடுத்தால் செத்த திசுதான் எனக்கு வரும், எதுவும் சொல்ல முடியாது. சிவந்த விளிம்பில், கொழுப்பு அடுக்கு வரை ஆழமாக எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டிய துண்டால் பயனில்லை. "கால்சிஃபிலாக்சிஸ் சந்தேகம்" என்று படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும், அப்போதுதான் வான் கோசா சாயம் போட்டுத் தேடுவோம். வழக்கமான சாயத்தில் நுண்ணிய கால்சியம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆணுறுப்பில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது.

என் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி இல்லை என்று சொன்னாலும் நோய் இருக்கலாம், துண்டு சரியான இடத்திலிருந்து வந்திருக்காது. ஆம் என்று சொன்னாலும் கவனம் வேண்டும். இந்த நோயே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கு வேறு காரணத்துக்காக வெட்டி எடுத்த கால்களிலும் சிறு நாளங்களில் கால்சியம் கிடக்கிறது. கால்சியத்தோடு ரத்தக் கட்டியும், உள்சுவர்த் தடிப்பும், கொழுப்புத் திசுவின் சிதைவும் சேர்ந்து இருந்தால்தான் நான் துணிந்து எழுதுவேன்.

நெஃப்ரான்77 (புதன், காலை 8.00)

அப்படியானால் நாம் நினைத்ததைவிட நெருங்கித்தான் இருக்கிறோம். தோற்றம் தெளிவாக இருந்தால் பயாப்ஸி வேண்டாம். சந்தேகம் இருந்தால், அல்லது சிகிச்சை தொடங்கியும் போக்கு மாறவில்லை என்றால், விளிம்பில் ஆழமாக ஒரே ஒரு துண்டு. இடையில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். சில பேருக்கு மென்திசுவில் வலை போல நுண்ணிய கால்சியக் கோடுகள் தெரியும். எலும்பு ஸ்கேனில் எலும்புக்கு வெளியே, தோலடியில் ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்து தேங்குவதும் உதவும். இரண்டும் இல்லை என்பதால் நோயை விலக்க முடியாது, இருந்தால் நம் கை வலுக்கும்.

வெண்பனி (புதன், இரவு 10.15)

போய் வந்தோம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். போட்டோக்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாதத்தில் நாடி பார்த்தார், நன்றாக இருக்கிறதாம். எக்ஸ்ரேயில் தொடைக் கொழுப்புக்குள் மெல்லிய வலை மாதிரித் தெரிகிறது என்று எனக்கே காட்டினார். தோல் மருத்துவரும் வந்து பார்த்தார். இப்போதைக்குப் பயாப்ஸி வேண்டாம், இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் யோசிக்கலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள்.

வார்ஃபரின் நிறுத்தம், இதய மருத்துவரிடம் போனில் பேசி அபிக்சபானுக்கு மாற்றினார்கள். பாஸ்பரஸுக்குத் தந்த கால்சியம் மாத்திரைக்குப் பதில் கால்சியம் சேராத செவலமர். வைட்டமின் டி ஊசி நிறுத்தம். டயாலிசிஸ் திரவத்தில் கால்சியம் குறைவாக இருப்பதற்கு மாற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமை முதல் இந்த நோய்க்காக டயாலிசிஸின்போது ஏற்றும் சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்து 25 கிராம்.

"நான் நடிக்கிறேன் என்று நினைத்தாயா?" என்று வரும் வழியில் அம்மா கேட்டார். இல்லை என்று சொன்னேன். முதல் வாரம் கொஞ்சம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செவ்வானம் (வியாழன், மதியம் 1.30)

நான் நோயாளி. ஐந்து வருடத்துக்கு முன் வயிற்றில் இதே நோய், இப்போது தழும்பு மட்டும் இருக்கிறது. தயோசல்ஃபேட் ஐந்து மாதம் போட்டேன். அம்மாவிடம் சொல்லுங்கள், திரும்பி வந்தவர்கள் இருக்கிறோம்.

எட்டாம்அடுக்கு (வியாழன், மாலை 6.45)

நான் மருந்தாளுநர். ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, நம்பிக்கையைக் குலைக்க அல்ல. தயோசல்ஃபேட்டுக்கு உண்மையில் சான்று இருக்கிறதா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உயிர் பிழைப்பதிலோ புண் ஆறுவதிலோ தெளிவான வேறுபாடு இல்லை என்றுதானே சொல்கிறார்கள்?

நெஃப்ரான்77 (வியாழன், இரவு 9.50)

நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்கிறேன்.

தயோசல்ஃபேட் சயனைடு விஷத்துக்கு முறிவு மருந்தாகப் பழையது. 2004-ல் ஒரு நோயாளிக்குக் கால்சிஃபிலாக்சிஸில் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார்கள், அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. கால்சியத்தோடு சேர்ந்து அதைக் கரைத்துவிடும் என்று முதலில் நம்பினோம். அந்த விளக்கம் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. ஆக்சிஜன் சேதத்தைக் குறைப்பது, நாளத்தை விரிப்பது என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. போட்டவர், போடாதவர் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து, முழுமையாக முடித்த பெரிய சோதனை எதுவும் இல்லை. தொகுப்புகள் சொல்வது நீங்கள் சொன்னதுதான். ஆனால் அவற்றுக்குள் வரும் ஆய்வுகளில், நோய் முற்றியவர்களுக்கே இந்த மருந்து அதிகம் போயிருக்க வாய்ப்புண்டு. அதனால் அந்த "வேறுபாடு இல்லை" என்பதையும் முழுசாக நம்ப முடியவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கால்சியப் படிகம் வளர்வதைத் தடுக்கும் எஸ்என்எஃப்472 என்ற புது மருந்தை 71 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள், கால்சிஃபிக்ஸ் என்று அந்தச் சோதனைக்குப் பெயர். மருந்து போட்டவர்களுக்கும் வெறும் திரவம் போட்டவர்களுக்கும் புண் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆறியது, வலியும் ஒரே அளவு குறைந்தது. மருந்து தோற்றது என்று செய்தி வந்தது. எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. வெறும் திரவம் போட்டவர்களும் முன்னேறினார்கள். சோதனைக்குள் வந்ததால் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் புண்ணைத் திறந்து பார்த்தார், அளந்தார், வலியைக் கேட்டார். அந்தக் கவனிப்பை நான் மருந்தாகவே எண்ணுகிறேன்.

அப்படியென்றால் ஏன் தயோசல்ஃபேட் போடுகிறேன்? கையில் இதைவிட நல்லது இல்லை, பக்கவிளைவுகளைக் கண்காணிக்க முடியும், வலி குறைவதைப் பல முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும். பீட் கால்சி என்ற பன்னாட்டுச் சோதனை பல சிகிச்சைகளை ஒரே கூரையின் கீழ் ஒப்பிட முயல்கிறது. அங்கிருந்து பதில் வந்தால் என் பழக்கத்தை மாற்றிக்கொள்வேன்.

எட்டாம்அடுக்கு (வியாழன், இரவு 10.20)

நன்றி டாக்டர். இப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

மூன்றாவது ஷிஃப்ட் (வெள்ளி, காலை 5.00)

வெண்பனி, இன்று முதல் டோஸ் என்பதால் எழுதுகிறேன். டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுவோம். வேகமாக விட்டால் வாந்தி நிச்சயம், பிரஷரும் இறங்கலாம். இந்த மருந்தோடு உப்பு கணிசமாக உள்ளே போகும். அம்மாவுக்குத் தாகம் கூடும், எடையும் கூடலாம், எடுக்கும் நீரின் அளவை யூனிட்டில் அதற்கேற்ப மாற்றுவார்கள். ரத்தத்தில் அமிலமும் ஏறும். அந்த அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டின் அளவை மாதம் ஒருமுறை பார்த்தால் போதாது, அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

புண்காவலர் (வெள்ளி, மதியம் 3.10)

புண் பராமரிப்பு நர்ஸ். தோல் உடைந்தால் என்ன செய்வது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

காய்ந்து, கறுத்து, ஒட்டிக்கொண்டு, சீழ் இல்லாமல் இருக்கும் பொருக்கு ஒரு மூடி மாதிரி. அதை அவசரமாகப் பிய்க்கக் கூடாது. ஓரத்தில் ஈரம், நாற்றம், சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் என்று வந்தால் அன்றே காட்ட வேண்டும், செத்த திசுவை அப்போது எடுத்துத்தான் ஆக வேண்டும். உயிருள்ள விளிம்பில் கத்தி படாமல் எடுக்கத் தெரிந்தவர் எடுக்க வேண்டும். ஒட்டாத டிரெஸ்ஸிங் கேளுங்கள். அது பிரிக்கும்போது பிய்ந்து வராது. டிரெஸ்ஸிங் மாற்றுவதற்கு அரை மணி முன்பு வலி மருந்து கொடுக்க வேண்டும். இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். நோயாளி அந்த நேரத்தை நினைத்தே முந்தின இரவு தூங்குவதில்லை.

புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸுக்குப் பயந்து சாப்பாட்டையே குறைத்துவிடுவார்கள். ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் கீழே போனால் எந்த டிரெஸ்ஸிங்கும் உதவாது.

வெண்பனி (அடுத்த வாரம் புதன், இரவு 1.20)

இரண்டு டோஸ் முடிந்தது. திட்டின் நடுவில் தோல் கறுத்து லேசாகத் திறந்துவிட்டது. அம்மா தூங்கி நான்கு நாள் ஆகிறது. வீட்டில் இருந்த மார்ஃபின் மாத்திரையைக் கொடுக்கலாமா? முன்பு ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு தந்தது. மருந்து ஏற்றும்போது வாந்தி வேறு, அதற்கு ஒன்டான்செட்ரான் போடுகிறார்கள். அவர் அழுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நெஃப்ரான்77 (புதன், இரவு 1.45)

மார்ஃபின் வேண்டாம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருட்கள் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். மயக்கம், தசைத் துடிப்பு, மூச்சு மந்தம் என்று வரும். இப்போதே உங்கள் யூனிட்டின் அவசர எண்ணுக்குப் போன் செய்து, வலி கட்டுக்குள் இல்லை, இரவே ஏதாவது வேண்டும் என்று சொல்லுங்கள். தயங்காதீர்கள். இந்த வலிக்காக நடு இரவில் எழுப்பப்படுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, பியூப்ரினார்ஃபின் ஆகிய வலி மருந்துகள் இவர்களுக்குப் பொருந்தும். மெதடோனும் உண்டு, பழகியவர்கள் கையில். நரம்பு வலிக்கான கபாபென்டின் சேர்த்தால் மிகச் சிறிய அளவு, டயாலிசிஸ் முடிந்த பிறகு. அளவு கூடினால் குழப்பமும் உதறலும் வரும்.

ஒன்டான்செட்ரான் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. அது இதய மின்னோட்டத்தில் கியூடி இடைவெளியை நீட்டும், தயோசல்ஃபேட்டும் நீட்டலாம், மெதடோன் சேர்ந்தால் மூன்றாவது. அந்த இடைவெளி நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தவறலாம். அம்மாவுக்கு ஏற்கனவே துடிப்புக் கோளாறு இருக்கிறது. ஒரு ஈசிஜி எடுத்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். ஏற்றும் வேகத்தைக் குறைத்தாலே வாந்தி பாதி நின்றுவிடும்.

ஒற்றைக்கிளை (புதன், இரவு 2.05)

வலித்தணிப்புப் பிரிவு மருத்துவரைக் கேளுங்கள், அம்மா. அந்தப் பெயரைக் கேட்டதும் நாங்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து மறுத்தோம். அவர் வந்த பிறகுதான் என் மனைவி என்னோடு பேசினாள். அவரை இரண்டு மாதம் முன்னால் கூப்பிட்டிருக்கலாம்.

வெண்பனி (புதன், காலை 9.30)

போன் செய்தேன். இரவே வரச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது பட்டை ஒட்டியிருக்கிறார்கள், ஈசிஜி எடுத்தார்கள், ஒன்டான்செட்ரான் நிறுத்தம். வலித்தணிப்பு டாக்டர் மதியம் வருகிறார். நன்றி ஐயா. இருவருக்கும்.

செவ்வானம் (புதன், மாலை 4.00)

பாராதைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டால் சரியாகும் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். 410-க்கு அது தேவையா டாக்டர்? மற்றவர்களுக்கும் பயன்படும் என்று கேட்கிறேன்.

நெஃப்ரான்77 (புதன், இரவு 9.15)

410-க்குத் தேவையில்லை. ஹார்மோன் மிக உயரத்தில், மாத்திரைக்கு மசியாமல் இருந்தால்தான் அறுவை பற்றி யோசிப்போம். எடுத்த பிறகு பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்துக் கால்சியத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கால்சியத்தையும் வைட்டமின் டியையும் ஏராளமாகக் கொடுக்க வேண்டி வரும். இந்த நோயாளிக்கு எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ, அதையே ஊற்றுகிற நிலை.

அந்த ஹார்மோனைக் குறைக்கும் சினகால்செட் போன்ற மருந்து நல்ல வழி. ஈவால்வ் என்ற சோதனையில் 3,883 டயாலிசிஸ் நோயாளிகளில் 24 பேருக்குக் கால்சிஃபிலாக்சிஸ் வந்தது. 18 பேர் வெற்று மாத்திரைக் குழு, 6 பேர் சினகால்செட் குழு. எண்ணிக்கை சிறியது, அந்தச் சோதனையும் இதற்காக நடத்தப்பட்டதல்ல. இருந்தாலும் ஒதுக்க முடியாத வித்தியாசம். ஹார்மோனை 150-க்கும் 300-க்கும் இடையில் கொண்டுவரப் பார்ப்பேன், அதற்குக் கீழே அமுக்க மாட்டேன்.

வெண்பனி (பதினொரு வாரம் கழித்து)

நடுவில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். புண் உள்ளங்கை அளவு வரை போனது. ஆறாவது வாரம் தொற்று வந்து ஒன்பது நாள் உள்ளே இருந்தோம். பொருக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். பைகார்பனேட் 16-க்கு இறங்கியதால் இரண்டு வாரம் மருந்து பாதி அளவு.

மூன்று வாரமாக ஓரம் கறுக்கவில்லை. அடியில் சிவப்பாகச் சதை வருகிறது. ஸ்கேல் வைத்த போட்டோவில் 9 சென்டிமீட்டர் இருந்தது இப்போது 6. அம்மா நேற்று தானாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தயோசல்ஃபேட்டை எப்போது நிறுத்துவார்கள்?

நெஃப்ரான்77 (அன்றே, இரவு 10.00)

இதைப் படிக்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. தேதி பார்த்து நிறுத்துவதில்லை, புண்ணைப் பார்த்து நிறுத்துவோம். மூடிய பிறகும் கொஞ்ச காலம் தொடர்கிறவர்கள் உண்டு. வலது தொடையையும் வயிற்றையும் வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள், புதிதாகக் கெட்டி ஏதாவது தட்டுகிறதா என்று.

கரையோரம் (அன்றே, இரவு 11.35)

இந்த இழையை முழுக்கப் படித்தேன். அப்பாவுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ், வார்ஃபரின் உண்டு. நான்கு நாளாக வயிற்றின் ஓரத்தில் எரிச்சல், தொட விடமாட்டேன் என்கிறார். தோலில் எதுவும் தெரியவில்லை. நான்தான் வீணாகக் கவலைப்படுகிறேனோ?

வெண்பனி (அன்றே, இரவு 11.50)

இல்லை. நாளைக் காலை முதல் வேலையாக டயாலிசிஸ் டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த ஷிஃப்ட் வரை காத்திருக்காதீர்கள். வார்ஃபரின் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இன்சுலின் வயிற்றில் போடுகிறார் என்றால் அந்தப் பக்கம் வேண்டாம். வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ஒன்றும் தெரியாவிட்டாலும். அப்பாவிடம் வலிக்கிறது என்று அவர் சொல்வதை நம்புகிறேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.